பிள்ளை இந்தியர், அப்பா அகதி: மனுவா, வழக்கா, ஊர்ப் போராட்டமா?

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. அம்மா இந்த ஊர்க்காரர். அப்பா கடல் தாண்டி வந்து முகாமில் பதிவானவர். பிள்ளைகள் இங்கேயே பிறந்து இங்கேயே படிக்கிறார்கள். ஏதோ ஒரு வழக்கிலோ, விசா முடிந்துபோனதாலோ அப்பாவை இலங்கைக்கு அனுப்பப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. கலெக்டரைப் பார்ப்பதா, கேஸ் போடுவதா, ஊரைக் கூட்டி உட்காருவதா என்று தெரியாமல் குடும்பம் தவிக்கிறது. நாலாவதாக ஒன்றையும் சிலர் தணிந்த குரலில் கேட்கிறார்கள்: "பேசாம எல்லாருமா கிளம்பிப் போயிட்டா?"

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவை அனுப்பும் உத்தரவு கைக்கு வராத வரை மனு. உத்தரவு வந்துவிட்டால் அன்றைக்கே வழக்கு. ஊர்ப் போராட்டம் இந்த இரண்டுக்கும் தோள் கொடுக்க வேண்டியது. இரண்டையும் விட்டுவிட்டு அதை மட்டும் நம்பினால் குடும்பத்துக்கு ஆபத்து. ஆனால் எல்லார் வீட்டு நிலைமையும் ஒன்றல்ல. எதை வைத்து முடிவெடுப்பது என்று பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து விஷயம் பாருங்கள். அப்பாவை ஏற்றி அனுப்புவதை அது எவ்வளவு சீக்கிரம் தடுக்கும்? தடுத்த பிறகு எத்தனை காலம் தாங்கும்? பிள்ளைக்கு என்ன ஆகும்? வெளியே தெரியாத செலவு என்ன? தோற்றால் யார் தலையில் விழும்?

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. ஒரு குடும்பம் தோற்றால் முகாமில் அதே நிலையில் இருக்கும் மற்றக் குடும்பங்களையும் அது தொடும்.

## எல்லாவற்றுக்கும் முன்னால், பிறந்த தேதி

"என் பிள்ளை இங்கே பிறந்தது, அப்போ இந்தியன்தானே?" என்று கேட்கிறார்கள். இந்தியக் குடியுரிமைச் சட்டம் அதற்கு ஒரே பதில் வைத்திருக்கவில்லை. பிறந்த தேதியைப் பொறுத்து மூன்று பதில் இருக்கிறது.

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். பெற்றோர் யார் என்ற கேள்வியே இல்லை. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது இந்த விதியை வைத்துத்தான். 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார்.

1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்திருந்தால், அப்போது அம்மா அப்பா இருவரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும்.

2004 டிசம்பர் 3-லிருந்து விதி இறுகிவிட்டது. இருவருமே இந்தியராக இருக்க வேண்டும்; அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் "சட்டவிரோதக் குடியேறி" அல்லாதவராகவும் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்தவரைச் சட்டம் அந்தப் பெயரில்தான் எழுதி வைத்திருக்கிறது.

இது ஒரு வீட்டுக்குள் என்ன செய்யும் என்பதற்கு எனக்குத் தெரிந்த பாம்பன் குடும்பம் ஒன்றைச் சொல்கிறேன். அம்மா உள்ளூர், அப்பா 1990-இல் படகில் வந்தவர். மூத்த மகள் 2003-இல் பிறந்தாள், இளையவன் 2006-இல். அக்கா சட்டப்படி இந்தியர். தம்பி கேள்விக்குறி. இருவரின் பிறப்புச் சான்றிதழும் ஒரே பிளாஸ்டிக் கவரில்தான் இருக்கிறது. அக்காவின் சான்றிதழில் அப்பா பெயருக்கு முன்னால் இனிஷியல் இல்லை, தம்பியுடையதில் இருக்கிறது. முகாம் பதிவில் அதே பெயரின் கடைசி எழுத்து வேறு. அப்பாவை அனுப்புவதைத் தடுக்கப் போகும் இடத்தில் எதிர்த்தரப்பு முதலில் கேட்பது, "இந்தப் பிள்ளையின் அப்பா இவர்தான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும். அதனால் எந்த வழியில் போனாலும் முதல் வேலை பெயர்த் திருத்தம். அது நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ முடிகிற வேலை. பிரச்சினை வந்த பிறகு செய்தால் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். பிள்ளை இந்தியர் என்பதாலேயே அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இங்கே தங்கும் உரிமை வந்துவிடாது. குடியுரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் கணவன், மனைவிக்கு இடம் உண்டு. இந்தியர்களின் மைனர் பிள்ளைகளுக்கு இடம் உண்டு. "இந்தியப் பிள்ளையின் பெற்றோர்" என்று தனி இடம் கிடையாது. 2011-இல் ஐரோப்பிய நீதிமன்றம் இப்படிப்பட்ட பெற்றோருக்கு ஓர் உரிமையை ஒத்துக்கொண்டது. நம் சட்டத்தில் அது இல்லை. பிள்ளையின் குடியுரிமையை நாம் வாதமாகத்தான் வைக்க முடியும்.

## முதல் வழி: மனு

திங்கட்கிழமை ராமநாதபுரம் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். மறுவாழ்வுத் துறை ஆணையருக்கும் மத்திய உள்துறைக்கும் பதிவுத் தபாலில் நகல் அனுப்பலாம். வெளிநாட்டவரை அனுப்பும் அதிகாரத்தை மத்திய அரசு 1958-லேயே மாநில அரசுகளுக்கும் ஒப்படைத்திருந்தது. ஆகவே சென்னையில் இருப்பவர்கள் "எல்லாம் டெல்லி கையில்" என்று சொன்னால் அதோடு திரும்பி வர வேண்டியதில்லை.

மனுவில் மூன்று விதமாகக் கேட்கலாம். அனுப்பாமல் இருக்கச் சொல்லிக் கேட்பது ஒன்று. இந்தியரைத் திருமணம் செய்து ஏழு வருடம் இங்கே தங்கியவர் என்ற முறையில் 5(1)(சி) பிரிவில் குடியுரிமை கேட்பது இரண்டாவது. மூன்றாவது, பூர்வீகம் இந்தியா என்று காட்டுவது. ராமநாதபுரம் சீமையிலிருந்து மண்டபம் வழியாகவே இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன பரம்பரை என்றால் அந்தப் பழைய காகிதத்துக்கு இன்றும் மதிப்புண்டு. 65 மலையகத் தமிழர்கள் தொடுத்த வழக்கில், மனுவைப் புதிதாகக் கொடுக்கச் சொல்லி, மத்திய அரசு 16 வாரத்தில் முடிவெடுக்க வேண்டும் என்று 2019 ஜூனில் மதுரைக் கிளை சொன்னது.

5(1)(சி)-யில் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. "சட்டவிரோதக் குடியேறி" என்றால் அந்தக் கதவு மூடியிருக்கும். 2025-இல் வந்த குடிவரவு, வெளிநாட்டவர் சட்டத்தோடு ஒரு விலக்கு ஆணையும் வந்தது. 2015 ஜனவரி 9-க்குள் இங்கே தஞ்சம் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்பது அதன் சாரம். பெரிய நிம்மதிதான். ஆனால் குடியுரிமை தருவதாக அதில் ஒரு வரியும் இல்லை. இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் அரிச்சல்முனை மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டவர்களுக்கு அந்தத் தேதி பொருந்தவே பொருந்தாது. புதிய சட்டத்தில் பாஸ்போர்ட் இல்லாமல் நுழைந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். எனவே பதிவு இல்லாதவர், 2015-க்குப் பின் வந்தவர் ஆகியோர் வக்கீல் பார்க்காமல் எந்த மனுவிலும் கையெழுத்துப் போடக் கூடாது. வந்த தேதியையும் வந்த விதத்தையும் நாமே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

மனுவில் மறைந்திருக்கும் செலவு காலம்தான். பதில் வராமலே மாதங்கள் ஓடும். ஒவ்வொரு முறை போகும்போதும் கடலுக்குப் போகிற நாள் ஒன்று போகும், முகாமை விட்டு வெளியே போக அனுமதி வாங்க வேண்டும், கணக்கெடுப்பு நாளில் ஆள் இல்லாவிட்டால் உதவித்தொகை சிக்கலாகும். மாதம் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைக்கு 500 என்று வாழும் வீட்டில் அது சின்ன இழப்பு இல்லை. ஆனாலும் உத்தரவு வராத நிலையில் மனுவைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. மனு கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டு, பின்னால் வழக்குப் போடும்போது "நாங்கள் முதலில் அரசிடம்தான் போனோம்" என்று காட்டும்.

## இரண்டாம் வழி: வழக்கு

உத்தரவு வந்துவிட்டால், அல்லது வழக்கில் சிக்கிய வெளிநாட்டவரை அடைத்து வைக்கும் திருச்சி சிறப்பு முகாமுக்கு அப்பாவைக் கொண்டுபோய்விட்டால், மனுவுக்காகக் காத்திருக்க நேரமில்லை. ராமநாதபுரம் மாவட்டம் மதுரைக் கிளையின் கீழ் வருகிறது. அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவில், அரசின் உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் ரிட் மனு போட்டு இடைக்காலத் தடை கேட்கலாம். ஏற்றி அனுப்புவதை ஒரே நாளில் நிறுத்தக்கூடியது இது ஒன்றுதான்.

செலவுக்குப் பயந்து பலர் இந்தப் பக்கமே வருவதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருகிறது. அதனால் அம்மாவையும் பிள்ளையையும் மனுதாரர்களாக வையுங்கள். இதில் இரட்டை லாபம். வக்கீல் கட்டணம் மிஞ்சும். அதோடு நீதிமன்றத்தின் முன் நிற்பது "வெளிநாட்டவர்" என்ற அடையாளத்தோடு வரும் ஒருவராக இல்லாமல், தன் குடும்பத்தைக் கேட்கும் இரண்டு இந்தியர்களாக இருக்கும். ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

சட்டம் எங்கே நிற்கிறது? வெளிநாட்டவரை வெளியேற்ற அரசுக்கு உள்ள அதிகாரம் மிகப் பெரியது என்று 1955-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தியாவில் தங்கிக் குடியிருக்கும் உரிமை 19-ஆம் பிரிவின்படி குடிமக்களுக்கு மட்டும். ஆனால் உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் 21-ஆம் பிரிவு எல்லா மனிதர்களுக்கும் பொருந்தும் என்று 1996-இல் சக்மா அகதிகள் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் வழக்குகள் எல்லாம் ஓடுகின்றன.

2025 மே மாதம் வந்த முடிவு நமக்குக் கசப்பானது. மனைவியும் பிள்ளைகளும் இங்கேதான் இருக்கிறார்கள் என்று ஓர் இலங்கைத் தமிழர் கேட்டுப் பார்த்தார். இந்தியா எல்லாருக்கும் இடம் கொடுக்கும் தர்ம சத்திரம் அல்ல என்று சொல்லி உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. அவர் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் தண்டனை பெற்றவர். அந்த வித்தியாசத்தை உங்கள் வக்கீல் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். இல்லாவிட்டால் அரசு வக்கீல் அந்தத் தீர்ப்பைத் தூக்கி மேசையில் வைப்பார்.

பலரும் மறந்துவிடும் வாதம் ஒன்று உண்டு. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை, சரி. ஆனால் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் 1992-இல் சேர்ந்துவிட்டது. பெற்றோரிடமிருந்து பிள்ளையை அதன் விருப்பத்துக்கு மாறாகப் பிரிக்கக் கூடாது என்கிறது அதன் 9-ஆம் பிரிவு. பிரிப்பதுதான் பிள்ளைக்கு நல்லது என்று அதிகாரம் உள்ளவர்கள் முறைப்படி தீர்மானித்தால் மட்டுமே விதிவிலக்கு. பெற்றோரை நாடு கடத்துவதும் பிரிவுக்குக் காரணமாகலாம் என்று அதே பிரிவு பேசுகிறது. இதனால் மட்டும் ஜெயித்துவிட முடியாது. ஆனால் பள்ளிச் சான்றிதழ், ஆசிரியர் கடிதம், மருத்துவச் சீட்டு எல்லாம் வழக்கில் சேர்வதற்கு இது வாசலைத் திறந்துவிடும்.

வழக்கில் மறைந்திருக்கும் செலவு இரண்டு. வாய்தாவுக்கு மதுரை போய்வந்தால் இருவருடைய ஒரு நாள் கூலி போகும். இரண்டாவது, தோற்றுவிட்டால் அது எழுத்தில் நிற்கும்; பலவீனமான ஒரு வழக்கில் வந்த மோசமான வரி, அடுத்த குடும்பத்தின் பலமான வழக்கில் எதிராகப் படிக்கப்படும். இன்னும் எந்த உத்தரவும் இல்லாத குடும்பம் "முன்னெச்சரிக்கையாக ஒரு கேஸ் போட்டு வைப்போம்" என்று போவதை நான் ஏற்க மாட்டேன்.

## மூன்றாம் வழி: ஊர்ப் போராட்டம்

இதைச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இதில்தான் நம்பிக்கையும் அதிகம், சேதாரமும் அதிகம்.

நம்பிக்கை ஏன் என்றால், நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பிலோயெலா என்று ஒரு சின்ன ஊர். அங்கே இருந்த ஈழத் தமிழ்க் குடும்பம் ஒன்றை 2018 மார்ச்சில் விடியற்காலையில் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு பெண் குழந்தைகளும் அங்கேயே பிறந்தவர்கள், ஆனாலும் அந்நாட்டுக் குடிமக்கள் இல்லை. 2019 ஆகஸ்டில் விமானமே கிளம்பிவிட்டது. நீதிமன்றத் தடை வந்து நடுவழியில் டார்வினில் இறக்கினார்கள். பிறகு கிறிஸ்துமஸ் தீவுத் தடுப்பு முகாம். இத்தனை வருடமும் அந்த ஊர் மக்கள், தமிழ் ஒரு வார்த்தை தெரியாதவர்கள், விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2022 ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது, ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. விமானத்தை நிறுத்தியது நீதிமன்றம். விசாவை வாங்கிக் கொடுத்தது, ஆட்சி மாறியபோதும் கேட்பதை நிறுத்தாத ஊர். இந்த வேலைப் பிரிவினையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே ஊர் என்றால் என்ன? கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள். "இந்தக் குடும்பம் எங்கள் ஊரில் வாழ்கிறது, பிரிக்காதீர்கள்" என்று ஒரு தீர்மானம் போட்டால் டெல்லியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மனுவோடும் ரிட்டோடும் அதை இணைக்கலாம். பள்ளிக்கூடம், மீனவர் சங்கம், தேவாலயம், ஜமாத், கோயில் கமிட்டி என்று ஆளுக்கொரு கடிதம் கிடைத்தால், சாலையில் உட்காருவதைவிட அது கனமானது.

சேதாரம் எங்கே? முதலாவது, பிள்ளையின் முகம். போராட்டம் என்றதும் பிள்ளையை முன்னால் உட்காரவைத்துப் போட்டோ எடுப்பார்கள். அது வாட்ஸ்அப்பில் சுற்றி மறுநாள் வகுப்பறைக்குப் போய்விடும். அதுவரை சக பிள்ளைகளுக்குத் தெரியாத விஷயம் தெரிந்துவிடும். பேனரில் பிள்ளையின் படமோ பெயரோ வேண்டாம் என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி முடியுங்கள். தம்பியின் குடியுரிமை கேள்விக்குறியாக இருக்கும் வீட்டில், "எங்கள் பிள்ளைகள் எல்லாரும் இந்தியர்" என்று மைக்கில் பேசிவிட்டால், அதைச் சரிபார்க்க, அகதிகளைக் கண்காணிக்கும் போலீஸ் பிரிவான கியூ பிராஞ்ச் வருவதற்கு நாமே வழி செய்ததாகிவிடும்.

இரண்டாவது, இந்தக் கடற்கரையின் சொந்தக் காயம். இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகுகள், சிறையில் இருக்கும் மீனவர்கள், கச்சத்தீவு, இழுவைப் படகால் இலங்கையின் வடக்கு மீனவர்களோடு வந்த மனக்கசப்பு எல்லாம் ஒரே மேடைக்கு வந்துவிடும். "எங்க ஆளை அங்க வச்சிருக்கான், அங்க இருந்து வந்தவரை இங்க வச்சுக்கணுமா?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் கூட்டம் இரண்டாகும். கேட்பவர் கெட்டவர் இல்லை. அவர் வீட்டுப் பையன் உள்ளே இருக்கலாம். அவரிடம் போய், பிள்ளையிடமிருந்து அப்பாவைப் பிரிப்பது என்ன வலி என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று பேச வேண்டும். மேடையில் இது எடுபடாது. வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும்.

மூன்றாவது, கட்சிகள். எம்.எல்.ஏ., எம்.பி. கடிதம் நிச்சயம் உதவும், கேளுங்கள். எல்லாக் கட்சியிடமும் கேளுங்கள். ஒரே கொடியின் கீழ் போய்விட்டால் தேர்தல் முடிந்ததும் குடும்பம் தனியாக நிற்கும்.

அப்பாவோ அம்மாவோ "வேண்டாம்" என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். போராடுகிறவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். முகாமில் இருந்து விசாரணைக்குப் பதில் சொல்லப்போவது அவர்கள்தான்.

## நான்காவது: எல்லாருமாகத் திரும்பிப் போவது

இதை யாரும் கேவலமாகப் பேசக் கூடாது. அங்கே நிலமும் உறவும் இருந்து, பிள்ளைகளுக்கும் சம்மதம் என்றால் அது நல்ல முடிவாகவே இருக்கலாம். 1992-இல் திருப்பி அனுப்புதல் தொடங்கியபோது, அது உண்மையில் விருப்பம்தானா என்று சரிபார்க்கத்தான் ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னைக்கு வந்தது. கேள்வி இன்றும் அதேதான். பயத்தில் சொல்லும் "சரி" விருப்பம் ஆகாது.

மறைந்திருக்கும் செலவு: 2025-இல் இப்படித் திரும்பிய ஒரு முதியவரை யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலேயே கைது செய்தார்கள். போகும் முன் இலங்கைத் துணைத் தூதரகத்தில் காகிதங்களை முடித்துக்கொள்ள வேண்டும். இந்தியரான அம்மாவுக்கும் மகளுக்கும் அங்கே தங்க விசா வேண்டும். இங்கே அப்பாவுக்கு இருக்கும் அதே பிரச்சினை அங்கே இவர்களுக்கு வரும்.

## ஒரே பார்வையில்

| | மனு | வழக்கு | ஊர்ப் போராட்டம் | திரும்புதல் |
|---|---|---|---|---|
| எவ்வளவு சீக்கிரம் தடுக்கும் | மெதுவாக | தடை கிடைத்தால் ஒரே நாளில் | தனியாகத் தடுக்காது | பொருந்தாது |
| எவ்வளவு காலம் தாங்கும் | குடியுரிமை கிடைத்தால் நிரந்தரம் | தீர்ப்பு வரை | ஊர் சோராத வரை | அங்குள்ள நிலைமையைப் பொறுத்து |
| பிள்ளைக்கு | பாதிப்பு குறைவு | பெயர் கோப்பில் வரும் | முகம் வெளியே வரும் | படிப்பு, நாடு இரண்டும் மாறும் |
| மறைந்த செலவு | காலம், கூலி | மதுரைப் பயணம், மோசமான முன்னுதாரணம் | ஊர்ப் பிளவு, கட்சிச் சாயம் | கைது பயம், விசா |
| யாருக்கு ஏற்றது | உத்தரவு வராதவர், பதிவானவர் | உத்தரவு வந்தவர், சிறப்பு முகாமில் இருப்பவர் | மனுவோ வழக்கோ நடப்பவர் | நிலம், உறவு, முழுச் சம்மதம் உள்ளவர் |

## உத்தரவு வந்த அன்று

காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். "சொந்த விருப்பத்தில் போகிறேன்" என்று இருந்தால் போடாதீர்கள். உத்தரவை வாங்கியதற்கு மட்டும் கையெழுத்து, தேதியும் நேரமும் எழுதி. உடனே போட்டோ எடுத்து வெளியே ஒருவருக்கு அனுப்புங்கள்.

அன்றைக்கே அம்மா சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும். திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, முகாம் பதிவு அட்டை, பழைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டு, கிராம சபைத் தீர்மானம் எல்லாம் நகலோடு. மகளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தால் தன் பெயரிலேயே பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம். ஓட்டுரிமை உள்ள ஒரு குடிமகள் "என் அப்பாவை அனுப்பாதீர்கள்" என்று கேட்கும் பத்திரம் அது. வக்கீல் மறந்தாலும் நீங்கள் கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். ஊரார் அன்று செய்ய வேண்டியது, மதுரைக்குப் போக ஒரு வண்டியும், சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு வீடும் ஏற்பாடு செய்வது. சாலைக்கு வருவதா, எப்போது, என்ன வாசகத்தோடு என்பதைத் தடை மனு பதிவாகி எண் கிடைத்த பிறகு வக்கீலோடு உட்கார்ந்து முடிவு செய்யலாம்.